பற்றினால்தான் விழுங்கலாம்



1882இல் இத்தாலியின் மெசினா நகரில், உருசிய அறிஞர் மெச்னிகாவ் நட்சத்திர மீனின் இளவுயிருக்குள் ரோஜா முள்ளைச் செருகினார். மறுநாட் காலை, நடமாடும் உயிரணுக்கள் அம்முள்ளைச் சூழ்ந்திருந்தன. நம் குருதியின் வெள்ளணுக்களும் அவ்வாறே கிருமிகளைச் சூழ்ந்து விழுங்குகின்றன.

ஆனால், பற்றினாலன்றி விழுங்க இயலாது. நிமோனியாவை உண்டாக்கும் நிமோகாக்கசுக் கிருமி, வழுக்கும் சர்க்கரையுறை போர்த்தது, எளிதில் பிடிபடாது. எதிர்ப்பொருள்கள் அவ்வுறைமீது ஒட்டிக்கொண்டால், அவற்றையே கைப்பிடியாகப் பற்றி, வெள்ளணு கிருமியை உட்கொண்டு செரித்துவிடும்.

இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் உடல் அக்கைப்பிடியைத் தானே செவ்வனே ஆக்கவல்லதன்று, தடுப்பூசியே ஆக்குவிக்கிறது. 6ஆம் வாரம், 14ஆம் வாரம், 9ஆம் மாதம் என மூன்று தவணைகள் அரசினரால் இலவசமாக இடப்படுகின்றன. ஊர் மாற்றலாகி வாழும் நம் குடும்பங்களில் ஒரு தவணை தவறுவது எளிது. தாய்மார்களே, மூட்டை கட்டும்போது தடுப்பூசி அட்டையை முதலில் எடுத்து வையுங்கள்.