புளியங்குடிச் சாலையில் ஒரு நாள்

மிதிவண்டி என்று ஓர் அழகிய தமிழ்ச்சொல் நமக்கு இருக்கிறது. ஆயினும் நடுவழியில் சக்கரத்தில் காற்று இறங்கி, வெயிலில் நிற்கிறவன் வாயில் அந்தச் சொல் வருவதில்லை. சைக்கிள் என்றுதான் வருகிறது. ஆகையால் நானும் இன்று சைக்கிள் என்றே சொல்லப் போகிறேன்.

1988-ஆம் ஆண்டு ஆனி மாதம். மதுரையில் கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு, அடுத்தது என்ன என்று அறியாமல் இருந்த நண்பர்கள் ஐவர் நாங்கள். பம்பாய் இளைஞர் சிலர் 1923-இல் சைக்கிளில் உலகைச் சுற்றப் புறப்பட்ட வரலாற்றை எங்களில் ஒருவன் எங்கோ படித்துவிட்டு வந்து சொன்னான். புறப்பட்டவர் அறுவர், ஏறத்தாழ 71,000 கிலோமீட்டர் சுற்றி 1928-இல் பயணத்தை முடித்தவர் மூவர். உலகம் எங்களுக்கு எட்டாது. கன்னியாகுமரி எட்டும் என்று தோன்றியது. நான்கு நாட்களில் 300 கிலோமீட்டர் என்று கணக்கிட்டோம். ஐந்து சைக்கிள்களில் இரண்டு இரவல்.

வழியை வகுத்தவன் நான். ஆதலால் என்னைத் தலைவன் என்றார்கள். நானும் அதை நம்பிவிட்டேன். காற்றடிக்கும் பம்பும் பஞ்சர் ஒட்டும் பையும் தலைவனிடம் இருப்பதே முறை என்று அவற்றை என் வண்டியில் கட்டிக்கொண்டேன். எங்களுள் மெல்லியவன் ஒருவன் இருந்தான், அதிகம் பேசமாட்டான். அவனுடைய கேரியர் அகலமானது என்று சொல்லி, ஐவருக்குமான போர்வைகளை மூட்டையாக்கி அவன் வண்டியில் ஏற்றினோம். அவன் மறுக்கவில்லை.

முதல் நாள் திருவில்லிபுத்தூர் வரையில் இனிதே கழிந்தது. இரண்டாம் நாள் குற்றாலம் சேரவேண்டும். ஏறக்குறைய 80 கிலோமீட்டர். இருட்டிலேயே புறப்பட்டு, இராசபாளையத்தில் இட்டிலி உண்டு, சிவகிரியைக் கடந்தோம். வலப்புறத்தில் மேற்குமலை எங்களோடு கூடவே வந்துகொண்டிருந்தது. அதன் உச்சியில் மேகம். எங்கள் தலைமேல் வெயில்.

வாசுதேவநல்லூரை அடைந்தபோது எனக்குள் ஏதோ ஒரு வேகம் புகுந்துகொண்டது. அவ்வூருக்கு அருகில்தான் நெற்கட்டும்செவல் இருக்கிறது. 1755-லேயே ஆங்கிலேயரை எதிர்த்து நின்ற பூலித்தேவரின் ஊர் அது. சரித்திரப் பாடத்தை மூன்றாண்டு படித்தவனாகிய நான் அதைப்பற்றி ஒரு கணமும் எண்ணவில்லை. எண்ணியதெல்லாம் புளியங்குடிக்கு முதலில் போய்ச் சேரவேண்டும் என்பதே. குனிந்து மிதித்தேன். இருவர் போட்டியாக என்னைத் தொடர்ந்தனர். மூன்றாமவன் எங்களைத் தொடர்ந்தான். ஒருமுறையேனும் திரும்பிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

புளியங்குடி எலுமிச்சைக்குப் பேர்போன ஊர். 2025-இல் அவ்வூர் எலுமிச்சைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அன்று நாங்கள் நிழலுக்காக ஒதுங்கிய இடம் ஓர் எலுமிச்சைக் கிட்டங்கியின் வாசல். உள்ளே பெண்கள் பழங்களைப் பருமன் பார்த்துப் பிரித்துக் குவித்துக்கொண்டிருந்தார்கள். கேரளத்துக்குப் போகவேண்டிய மூட்டைகள் சுவரோரம் அடுக்கியிருந்தன. மணம் தெருவரையில் வந்தது. நான் கடிகாரத்தைப் பார்த்து, வந்த வேகத்தைப் பெருமையோடு கணக்கிட்டுச் சொன்னேன். அரைமணி கழிந்தது. முக்கால் மணியும் ஆயிற்று. ஐந்தாமவன் வரவில்லை.

அக்காலத்தில் கையில் தொலைபேசி கிடையாது. திரும்பிச் சென்று பார்க்கலாம் என்று எழுந்தபோது, சாலையின் கோடியில் அவன் தெரிந்தான். நடந்து வந்துகொண்டிருந்தான். பின்சக்கரத்தில் கருவேல முள் ஏறியிருந்தது. பாரத்தோடு தள்ளினால் டியூப் நைந்துபோகும் என்று போர்வை மூட்டையை இறக்கித் தோளில் போட்டுக்கொண்டு, நான்கு கிலோமீட்டர் வண்டியைத் தள்ளியே வந்திருக்கிறான்.

கிட்டங்கி வாசலில் இருந்த பெரியவர் ஒருவர் அவனையும் எங்களையும் மாறிமாறிப் பார்த்தார்.

"அஞ்சு பேரும் சேந்துதானே வந்தீய? அந்தத் தம்பி ஏன் ஒத்தையில நடந்து வாரான்?" என்றார்.

எங்களில் யாரும் வாய் திறக்கவில்லை. நண்பன் வண்டியைச் சுவரில் சாய்த்தான். மூட்டையை இறக்கினான். என்னைப் பார்த்து, "பம்பு உன்னிடம் அல்லவா இருந்தது?" என்று மட்டும் கேட்டான். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

பெரியவர் உள்ளே போய் எலுமிச்சைச் சாற்றில் உப்பிட்டுக் கொண்டுவந்து அவனுக்குக் கொடுத்தார். ஒரு வாளித் தண்ணீரையும் என் முன்னே வைத்தார். எதற்கு என்று அவர் சொல்லவில்லை. டயரைக் கழற்றி, டியூபைத் தண்ணீரில் அமிழ்த்தி, குமிழி வரும் இடத்தைக் கண்டு, உப்புத்தாள் தேய்த்து ஒட்டினேன். கை நடுங்கியதால் முதல் ஒட்டு பிடிக்கவில்லை. அவனைப் பேருந்தில் அனுப்பிவிடலாம், வண்டியை மேலே போட்டுக்கொள்ளலாம் என்று ஒருவன் சொன்னான். நல்லெண்ணத்தில்தான் சொன்னான். ஆனால் பேருந்தில் ஏறவேண்டியவன் அவனல்லன் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. "ஐவரும் போவோம், இனி அவன் வேகந்தான் நம் வேகம்" என்றேன். அவன் தலையசைத்தான்.

புளியங்குடியை விட்டதும் காற்று எதிர்த்தது. தென்மேற்குப் பருவக்காற்றை மேற்குமலை மதில்போல் தடுத்து நிற்கிறது. செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவுக் கணவாயில் அந்த மதில் தாழ்கிறது. அவ்வாயில் வழியே காற்று பீறிட்டுக் கிழக்கே இறங்கும். குற்றாலத்துச் சாரலைக் கொண்டுவருவதும் அதே காற்றுதான். இன்று அப்பகுதியில் காற்றாலைகள் வரிசையாக நிற்கின்றன. அன்று காற்றின் வலிமையை எங்கள் முழங்கால்களே அளந்தன.

பௌதிகம் படிக்கும் மாணவர்கள் இதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். காற்றில்லாத நாளில் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவன்மீது, அதே வேகத்தில் எதிர்க்காற்று வீசினால், காற்றின் தடை இரண்டு மடங்கு ஆவதில்லை. நான்கு மடங்கு ஆகிறது. முன்னே செல்கிறவன் அந்தத் தடையைப் பிளந்துகொண்டு போனால், அவனை ஒட்டித் தொடர்கிறவனுக்கு உழைப்பு வெகுவாகக் குறைகிறது. எங்களுக்கு அன்று கணக்குத் தெரியாது. கால் வலி கற்பித்தது. ஒருவர் பின் ஒருவராக, ஒரு முழ இடைவெளியில் சென்றோம். காற்று வலப்புறத்திலிருந்து சாய்ந்து வந்ததால், பின்னால் வருகிறவர் சற்றே இடப்புறம் ஒதுங்கினால் மறைவு கிடைத்தது. ஒவ்வொரு கிலோமீட்டர் கல்லிலும் முன்னே செல்பவன் விலகிக் கடைசிக்குப் போகவேண்டும் என்று முறை வகுத்துக்கொண்டோம். நண்பனை நடுவிலேயே வைத்திருக்க எண்ணினோம். இரண்டு கல் பொறுத்தான். மூன்றாவது கல்லில் தானே முன்னே வந்துவிட்டான். அவனுடைய மிதி ஒரே சீராக இருந்தது; வெறிகொண்டு ஏறுவதுமில்லை, தளர்ந்து விழுவதுமில்லை. கடையநல்லூரை நெருங்கியபோது, காலையில் பறந்துவந்த என் கால்கள் அவன் முதுகின் மறைவில்தான் சுழன்றுகொண்டிருந்தன.

தென்காசிக்குள் நுழையும்போது மாலையாகிவிட்டது. காசிவிசுவநாதர் கோயிலின் இராசகோபுரத்துக்கு 1990-இல்தான் குடமுழுக்கு நடந்தது. நாங்கள் சென்றபோது அப்பணி முடியவில்லை. முகத்தில் முதல் தூறல் விழுந்தது. மழையன்று, சாரல், நனைக்காமல் குளிர்விப்பது. எஞ்சிய ஐந்து கிலோமீட்டரையும் யாரும் பேசாமலே கடந்தோம். குற்றாலத்தின் பேரருவியை முதலில் காதுதான் கண்டது. அந்த நீரின் கீழே நின்றபோது, மூட்டை சுமந்த அவன் தோளில் தோல் சிவந்து தடித்திருப்பதைப் பார்த்தேன். சொல்லவேண்டியதைச் சொன்னேன். அருவியின் இரைச்சலில் அது அவன் காதில் விழுந்ததோ இல்லையோ, "தண்ணீர் நன்றாயிருக்கிறது" என்றான்.

மறுநாள் விடியலில், பம்பையும் பையையும் எடுத்துக்கொண்டு நானே கடைசியில் வருவதென்று முடிவுசெய்து எழுந்தேன். அவை வைத்த இடத்தில் இல்லை. அவன் எனக்கு முன்பே எழுந்து, அவற்றைத் தன் கேரியரில் கட்டிவிட்டு நின்றுகொண்டிருந்தான். போர்வை மூட்டை என் வண்டியில் இருந்தது. கடைசியில் வருவது யார் என்று இருவரும் அங்கேயே வழக்காடத் தொடங்கினோம். திருநெல்வேலிச் சாலையை அடையும்வரை அது முடியவில்லை.