எடுத்த சதை எங்கே?



என் நாத்தனாருக்கு மார்பில் கட்டி. ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் அறுத்து எடுத்தார்கள். எடுத்த சதையைச் சோதனைக்கு அனுப்பவில்லை, நாங்களும் கேட்கல. எட்டு மாசத்துல மறுபடி வந்துடுச்சு. பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா முதலில் கேட்டது, "அந்தச் சதை எங்கேம்மா?"

என்ன வகைப் புற்று, எந்த மருந்து கேட்கும் என்பது அந்தச் சதையில்தான் தெரியும். ஊசி போட்டு எடுத்தா பரவிடும்னு பயப்படாதீங்க. ஒரே கட்டியிலும் இடத்துக்கு இடம் மாறும் என்பதால் நாலைந்து துணுக்கு எடுப்பார்கள். உடனே ஃபார்மலினில் போடணும்; கெட்டுப்போனால் மரபணுச் சோதனை தப்பாகும். பிறகு மெழுகில் பதித்து 'பிளாக்' ஆக்கினால் பல வருஷம் இருக்கும். சென்னை ஐஐடி 2025 பிப்ரவரியில் வெளியிட்ட புற்றுநோய் மரபணுத் தொகுப்பே, 480 மார்பகப் புற்று நோயாளிகளின் சதையை ஆராய்ந்து வந்ததுதான்.

அதனால் மூணு கேள்வி கேளுங்க: சதை எந்த லேபுக்குப் போச்சு? ரிப்போர்ட் எப்போ? பிளாக் யாரிடம் இருக்கு?

குழுவில் பத்து ரூபாய் கட்டினாலும் ரசீது கேட்கிறோமே, நம்ம உடம்புக்குக் கேட்க மாட்டோமா?