குமட்டலை அடக்கும் துணைவழிகள்

புற்றுநோய்க்கு மருந்தேற்றிக்கொள்வோர் பலர் நோயைக் காட்டிலும் மருந்தின் பின் வரும் குமட்டலுக்கே அஞ்சுகின்றனர். உணவைக் கண்டாலே ஓங்காளம். குடித்த நீரும் தங்குவதில்லை. இவ்வேதனை தாளாது, குணமாகக்கூடிய நோயின் சிகிச்சையை இடைநடுவிற் கைவிட்டோரும் உளர்.

இம்மருந்துகள் குடலின் உட்சுவரிலுள்ள கலங்களைத் தாக்குகின்றன. அவை செரற்றோனின் என்னும் பொருளைச் சொரிய, அச்செய்தி நரம்பு வழியே மூளையை அடைகின்றது. மூளை வாந்திக்குக் கட்டளையிடுகின்றது. 1990களின் தொடக்கத்தில் வழக்கிற்கு வந்த ஒண்டன்செற்றோன் போன்ற மருந்துகள் இச்செய்தியை இடைமறிப்பன. அவற்றால் வாந்தி பெரிதும் அடங்கிற்று. குமட்டலோ அவ்வளவு எளிதில் அடங்கவில்லை. துணை வைத்தியத்துக்கு இடமுள்ளது இங்கேதான்.

அடுக்களையில் உள்ள இஞ்சியையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் றொச்செஸ்ரர் பல்கலைக்கழகத்தார் 2012இல் வெளியிட்ட ஆய்வில் 576 நோயாளரின் விவரங்கள் ஆராயப்பட்டன. வழமையான வாந்தித்தடை மருந்துடன், சிலருக்கு இஞ்சிக் குளிகையும் சிலருக்கு வெறுங் குளிகையும் கொடுக்கப்பட்டன. மருந்தேற்றலுக்கு மூன்று நாள் முன்னரே தொடங்கி, ஆறு நாள் உட்கொண்டனர். இஞ்சி பெற்றோருக்கு முதல்நாட் குமட்டல் குறைந்தது. நாளொன்றுக்கு அரைக் கிராமும் ஒரு கிராமுமே கூடிய பயன் தந்தன. ஒன்றரைக் கிராம் அவற்றை விஞ்சவில்லை. அள்ளிப் போட்டால் விரைந்து குணமாகும் என்னும் வீட்டுக் கணக்கு இங்கே பொருந்தாது. பின்னர் நடந்த சில பரிசோதனைகளில் இப்பயன் தென்படவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். குருதி உறைதலைத் தடுக்கும் மருந்து உட்கொள்வோரும், குருதிச் சிறுதட்டுகள் குறைந்தோரும் வைத்தியரைக் கேளாது இஞ்சிக் குளிகையைத் தொடலாகாது.

மணிக்கட்டின் உட்புறத்தில், மடிப்புக்கு மூன்று விரல் மேலே, இரு தசைநாண்களின் நடுவே அழுத்துவது சீனர் முறை. இதுபற்றிய ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. ஆயினும் செலவுமில்லை, பெரிய தீங்குமில்லை.

இன்னொரு வகைக் குமட்டல் விந்தையானது. மருந்து உடலிற் சேருமுன்னரே, வைத்தியசாலையின் மணம் மூக்கில் ஏறியதும் எழுவது அது. ஓசை கேட்டதும் வாயூறிய பவ்லோவின் நாயைப் போல, உடல் பழகிவிடுகின்றது. வாந்தித்தடை மருந்து இதற்கு அவ்வளவாக உதவுவதில்லை. தசைகளை ஒவ்வொன்றாக இறுக்கித் தளர்த்தும் பயிற்சி, மனக்கண்ணில் அமைதியான காட்சியொன்றை விரித்தல், அறிதுயிற் சிகிச்சை ஆகியன உதவியுள்ளன. முதல் மருந்தேற்றலிலேயே குமட்டல் அடக்கப்பட்டால், இப்பழக்கம் வேரூன்றுவது அரிது. வைத்தியருக்கு ஏன் தொந்தரவு என்று முதல் முறை வந்த குமட்டலை வாய்திறவாது பொறுத்துக்கொள்ளும் தாய்மார், அடுத்த முறை வாயிற்படியிலேயே ஓங்காளிப்பது இதனாற்றான். வீட்டார் அதனை முதல் நாளே வைத்தியருக்குச் சொல்லிவிடலாம்; வீட்டிற் கொடுத்த கசாயத்தையும் மறைக்காமற் சொல்லலாம்.