ஒரு பாத்திக்கு ஒரு குடம்



கப்பல் வராவிட்டால் என்ன ஆகும்? அந்தமானில் வாழ்கிறவர்களுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. சென்னையிலிருந்து போர்ட் பிளேர் 1,300 கிலோமீட்டருக்கும் மேல். இந்த ஊருக்கு 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். பெயர் மாறினாலும் தூரம் குறையவில்லை. வெங்காயமும் உருளைக்கிழங்கும் கடல் தாண்டித்தான் வர வேண்டும். கடல் கொந்தளித்தால் சரக்கு தாமதமாகும். தக்காளி விலை ஏறும். ஹட்பே, ரங்கத், டிக்லிப்பூர் பக்கம் இன்னும் சிரமம்.

ஆகவே வீட்டுக்குப் பின்னால் நாலு பாத்தி வேண்டும். எப்போது போடுவது?

தமிழ்நாட்டில் ஆடிப் பட்டம் தேடி விதைப்பார்கள். இங்கே ஆடியில் விதைத்தால் விதை மிதக்கும். இந்தத் தீவுகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை. சென்னையில் பெய்வதைப் போல் இரண்டு மடங்கு. மே மாதம் தொடங்கினால் டிசம்பர் வரை விடாது. வேர் அழுகும். பூ கொட்டும். எனவே இங்கே மார்கழிப் பட்டம்தான் காய்கறிப் பட்டம். நீல் தீவைப் பாருங்கள். இப்போது அதற்கு ஷஹீத் தீவு என்று பெயர். அந்தமானின் காய்கறிக் கூடை என்று அதைச் சொல்வார்கள். அங்குள்ள விவசாயிகள் மழைக்காலத்தில் நெல் போடுகிறார்கள். அறுவடை முடிந்ததும் அதே வயலில் காய்கறி போடுகிறார்கள்.

ஆனால் மார்கழி கழிந்தால் இன்னொரு கஷ்டம் வருகிறது. மழை நின்றுவிடும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை கிணறு இறங்கும். ஊர்க் குழாயில் தினமும் தண்ணீர் வராது. பலர் ஆசையாகப் பத்துப் பாத்தி போடுகிறார்கள். மாசி மாதத்தில் எல்லாம் கருகிப் போகிறது. தவறு எங்கே? இடத்தை அளந்தார்கள். தண்ணீரை அளக்கவில்லை.

முதலில் தண்ணீரை அளந்து பாருங்கள். அரிசி கழுவிய நீர், காய் கழுவிய நீர், சோப்பு சேராத பாத்திர நீர் எல்லாவற்றையும் ஒரு நாள் முழுவதும் ஒரு தொட்டியில் சேர்த்து வையுங்கள். மாலையில் குடத்தால் அளந்து நோட்டில் எழுதுங்கள். மூன்று அடி அகலம், பத்து அடி நீளம் உள்ள ஒரு பாத்திக்குக் கோடையில் நாளைக்குச் சுமார் 15 லிட்டர் வேண்டும். அது ஒரு குடம். மூன்று குடம் சேர்ந்தால் மூன்று பாத்தி போடலாம். நாலாவது பாத்தி வேண்டாம். குளித்த சோப்புத் தண்ணீரை வாழைக்கும் பப்பாளிக்கும் விடுங்கள். கீரைக்கு விட வேண்டாம். மீன் கழுவிய நீரும் வாழைக்குத்தான். பாத்தியில் ஊற்றினால் பூனை வந்து கிளறிவிடும்!

மழைக்காலத்தில் பாத்தியை மேடாகப் போடுகிறோம். குளிர்காலத்தில் அதையே தாழ்வாகப் போட வேண்டும். அப்போதுதான் ஊற்றிய நீர் ஓடாது. தேங்காய் மட்டைக்கு இங்கே பஞ்சம் இல்லை. அதை நனைத்து, குழிந்த பக்கம் மேலே இருக்கும்படி மண்ணுக்கு அடியில் பரப்புங்கள். அது தண்ணீரைப் பிடித்து வைக்கும். மேலே காய்ந்த இலையை மூடுங்கள். மண் புளிப்பாக இருந்தால் அடுப்புச் சாம்பல் அல்லது கொஞ்சம் சுண்ணாம்பு தூவலாம். சுண்ணாம்புக்காகக் கடலில் பவளத்தைப் பொறுக்காதீர்கள். அது சட்டப்படி குற்றம்.

என்ன போடலாம்? முளைக்கீரை ஒரு மாதத்தில் கைக்கு வரும். வெண்டை, தட்டைப்பயறு நேராக விதைக்கலாம். பர்மா தனியா ஓரத்து நிழலில் வளரும். கத்தரி, தக்காளி, மிளகாய்க்குக் கார்த்திகையிலேயே கூரைக்கு அடியில் நாற்று விட வேண்டும். 25 முதல் 30 நாளில் மாலை நேரத்தில் பிடுங்கி நட வேண்டும்.

விதைப் பொட்டலம் வாங்கும்போது கடைக்காரர் கொடுத்ததை அப்படியே வாங்கி வராதீர்கள். திருப்பிப் பாருங்கள். எழுத்து இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருக்கலாம். எண் எல்லோருக்கும் ஒன்றுதான். இரண்டு தேதி இருக்கும். முதல் தேதி விதையைச் சோதித்த நாள். அடுத்தது எதுவரை விதைக்கலாம் என்பது. இரண்டுக்கும் இடையே 9 மாதம். அந்த நாள் கடந்திருந்தால் வேறு பொட்டலம் கேளுங்கள். முளைக்காத விதையால் பணம் மட்டும் போகாது. நான்கு மாதப் பட்டத்தில் ஒரு மாதமும் போய்விடும்.

கத்தரிச் செடி பச்சையாக இருக்கும்போதே திடீரென்று வாடுகிறதா? தண்ணீர் போதவில்லை என்று இன்னும் ஊற்றுகிறவர்கள் உண்டு. கொஞ்சம் பொறுங்கள். தண்டை வெட்டி, கண்ணாடித் தம்ளரில் தெளிந்த நீரில் நிறுத்துங்கள். வெட்டிய இடத்திலிருந்து பால் போல நூலாக இறங்கினால் அது வாடல் நோய். எத்தனை குடம் ஊற்றினாலும் பிழைக்காது. வேரோடு பிடுங்கி எரியுங்கள். அந்தப் பாத்தியில் கத்தரி, தக்காளி, மிளகாய் வேண்டாம். கீரை போடுங்கள். காராச்சர்மாவில் உள்ள மத்தியத் தீவு வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் இந்த நோயைத் தாங்கும் கத்தரி ரகத்தைக் கண்டிருக்கிறது. நாற்று விடும் முன் அங்கே விசாரிக்கலாம்.

இனி நத்தை. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் இந்தத் தீவுகளைப் பிடித்து வைத்திருந்தார்கள். அந்தக் காலத்தில் கப்பல் வராமல் மக்கள் பட்டினி கிடந்தார்கள். அப்போது வந்ததுதான் இந்தப் பெரிய ஆப்பிரிக்க நத்தை. ஜப்பானியர் போய்விட்டார்கள். நத்தை போகவில்லை. மழைக்கால இரவில் ஒரு நாற்றங்காலையே தின்றுவிடும். கோடையில் எங்கே போகிறது? கல்லுக்கு அடியில், மட்டைக் குவியலுக்கு அடியில், ஓட்டின் வாயை மூடிக்கொண்டு தூங்குகிறது. அதைப் பிடிக்க அதுவே நல்ல சமயம். ஜனவரியில் குவியல்களைப் புரட்டுங்கள். வெறும் கையால் தொடாதீர்கள். நோய்க் கிருமி இருக்கலாம். குச்சியால் தள்ளி உப்புக் கரைசல் வாளியில் போடுங்கள். பிறகு பாத்திக்குத் தூரமாகப் புதையுங்கள். உப்பு நீரைப் பாத்தியில் கொட்ட வேண்டாம். 2004 சுனாமியில் சிப்பிகாட் பக்கம் கடல்நீர் புகுந்த நிலம் என்ன ஆனது என்று அந்தப் பக்கத்து மக்களுக்குத் தெரியும்.

ஏப்ரலில் நல்ல செடியில் இரண்டு காயைப் பறிக்காமல் முற்ற விடுங்கள். விதையை நிழலில் காய வைத்து, சாம்பல் கலந்து, புட்டியில் இறுக மூடுங்கள். மே மாத ஈரம் பூசணம் பிடிக்க வைக்கும். அதனால் புட்டியை அடுப்புக்கு மேலே உள்ள பரணில் வையுங்கள். புட்டியின் மேல் காயின் பெயரையும் தேதியையும் எழுதி ஒட்டுங்கள். எட்டு மாதம் கழித்துத் திறக்கும்போது எது மிளகாய், எது கத்தரி என்று விதையைப் பார்த்துச் சொல்வது யாருக்கும் கஷ்டம்தான்.