வந்த மீனும் இருந்த மீனும்



ஆஸ்திரேலியா என்றதும் கங்காரு உங்கள் நினைவுக்கு வரும். அங்கே இன்று திரியும் முயலோ அந்நாட்டுப் பிராணியன்று. 1859ஆம் ஆண்டில் தாமஸ் ஆஸ்டின் என்னும் பண்ணையார், வேட்டைப் பொழுதுபோக்கிற்காக, இங்கிலாந்திலிருந்து தருவித்த முயல்களை விக்டோரியாவில் இருந்த தம் நிலத்தில் விட்டார். அவை பெருகிப் பயிரையும் புல்லையும் தின்றழித்தன. மேற்கு ஆஸ்திரேலியாவில் அவற்றைத் தடுக்க 1,800 கிலோமீட்டருக்கும் மேல் நீண்ட வேலி ஒன்றை 1907இல் கட்டி முடித்தார்கள். வேலி முடியுமுன்பே முயல் அப்பால் போயிருந்தது!

ஆஸ்டினைக் கண்டு நகைக்க எனக்கு உரிமையில்லை. மங்களூரில் நான் இளம் ஆசிரியனாயிருந்தபோது, வகுப்பிலே காட்டுவதற்காக ஜிலேபிக் கெண்டைகள் சிலவற்றைக் கண்ணாடித் தொட்டியில் வளர்த்தேன். தாய்மீன் முட்டைகளை வாயிலே வைத்துப் பொரிக்கும். ஆபத்து வந்தால் குஞ்சுகள் மீண்டும் தாயின் வாய்க்குள் ஓடி ஒளியும். அந்த அதிசயத்தை மாணவர்கள் கண்டு களித்தார்கள். பாடம் முடிந்ததும் தொட்டி மீன்களை ஊர்க்குளத்தில் கொட்டிவிட்டேன். பெரிய புண்ணியம் செய்ததாகவே எண்ணினேன்.

ஆப்பிரிக்காவின் மொசாம்பிக் பகுதியைச் சேர்ந்த அந்த மீன், 1952இல் இலங்கை வழியாக இந்தியாவுக்கு வந்தது. ஏழைகளுக்கு மலிவான உணவு கிடைக்கட்டும் என்பதே நோக்கம்; நல்ல நோக்கந்தான். ஆனால் அது ஆண்டிற்குப் பலமுறை குஞ்சு பொரிப்பது; நெருக்கம் மிகுந்தால் வளராமல் உள்ளங்கையளவிலேயே நின்றுவிடுவது. கட்லாவும் ரோகுவுங்கூட வடபுலத்து ஆறுகளுக்கு உரியவையே. எனினும் அவை தேங்கிய குளத்தில் இனம் பெருக்குவதில்லை. நாம் குஞ்சு விட்டால்தான் உண்டு. விருந்தாளிக்கும் குடியேறி இடம் பிடிப்பவனுக்கும் உள்ள வேற்றுமை இதுவே.

குளத்தில் அயிரையும் உளுவையும் சில ஆண்டுகளில் அருகின. பழி முழுவதும் அம்மீனையே சாராது. கோடையில் நீர் வற்றியதும், வயலிலிருந்து வடிந்த பூச்சிமருந்தும் காரணங்களே. ஜிலேபிக் குஞ்சுகளைத் தின்று ஓரளவு அடக்கி வைத்தது நம் நாட்டு விரால். விராலையோ நல்ல விலை கிடைக்கிறதென்று நாமே பிடித்துத் தீர்த்தோம்.

சென்ற கோடையில் அக்குளக்கரைக்குச் சென்றிருந்தேன். கூடையுடன் அமர்ந்திருந்த மூதாட்டியிடம், “அயிரை உண்டா, அம்மா?” என்று வினவினேன்.

“அதெல்லாம் ஏது, வாத்தியாரய்யா? ஜிலேபிதான் கிடக்குது” என்றார்.

அரைக் கிலோ வாங்கிக்கொண்டு வீடு திரும்பினேன்.