மலை ஏறும்முன் வழிகாட்டிக் கருவி: போடிமெட்டுப் பயணத்துக்குச் சில யோசனைகள்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



தண்ணீர் லாரி, லிஃப்ட் பராமரிப்பு, ஜெனரேட்டர் டீசல் எல்லாம் பேசி முடித்த பிறகு எனக்கு நேரம் கொடுத்திருக்கிறார்கள். சாப்பாட்டு நேரம் நெருங்குகிறது. நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

தொடர்ந்து மூன்று நாள் லீவு கிடைத்தால் போதும், நம் பார்க்கிங்கில் பாதி வண்டிகளைக் காணோம். தேனி, போடி வழியாக மூணாறு, சூரியநெல்லி என்று கிளம்பிவிடுகிறோம். பிள்ளைகளோடு போகிறோம், வயதானவர்களையும் அழைத்துப் போகிறோம். காரில் வைக்கிற ஜிபிஎஸ் கருவியைத் தனியாக வாங்க வேண்டுமா, கையிலிருக்கும் போன் போதாதா என்று பலர் கேட்கிறீர்கள். அதற்குப் பதில் சொல்லும்முன் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். இந்தக் கருவி இரண்டு வேலை செய்கிறது. இரண்டையும் நாம் ஒரே வேலை என்று நினைத்துக்கொள்வதால்தான் மலையில் சிக்கல் வருகிறது.

முதல் வேலை, நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று கண்டுபிடிப்பது. இதை ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களின் சிக்னலை வைத்துச் செய்கிறது. குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் சிக்னல் கிடைத்தால் இடம் தெரிந்துவிடும். இதற்கு சிம் கார்டு வேண்டாம், டேட்டா வேண்டாம், கட்டணமும் கிடையாது. ஆரம்பத்தில் பொதுமக்களுக்கான சிக்னலில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே பிழை கலந்து வைத்திருந்தது. 2000 மே மாதம் அதை நீக்கிய பிறகுதான் கார் வழிகாட்டிகள் உண்மையிலேயே பயன்படத் தொடங்கின.

இரண்டாவது வேலை, அந்த இடத்தைச் சுற்றி என்ன சாலை இருக்கிறது, எதில் போகலாம் என்று சொல்வது. இதை வானத்திலிருந்து யாரும் சொல்வதில்லை. மனிதர்கள் வரைந்து கருவியில் ஏற்றிய வரைபடம்தான் சொல்கிறது. அது பழையதாக இருக்கலாம், அரைகுறையாக இருக்கலாம், ஜீப் ஏறும் தடத்தைக் கார் ஓடும் சாலையாகக் காட்டலாம். சுருக்கமாகச் சொன்னால், "நீ இங்கே இருக்கிறாய்" என்று கருவி சொல்வதைப் பெரும்பாலும் நம்பலாம். "இப்படிப் போ" என்று சொல்வதைக் கண்ணால் பார்த்துச் சரிபார்த்த பிறகே நம்ப வேண்டும்.

இது வெறும் எச்சரிக்கைப் பேச்சு இல்லை. 2024 ஜனவரியில் நீலகிரி மாவட்டம் கூடலூரில், செயலி காட்டிய வழியில் வந்த ஒரு கார் மக்கள் ஏறி இறங்கும் படிக்கட்டில் போய் நின்றது. நல்லவேளை, யாருக்கும் காயம் இல்லை. அதே ஆண்டு நவம்பரில் உத்தரப் பிரதேசத்தின் பரேலி பக்கத்தில், வெள்ளம் ஏற்கெனவே அடித்துச் சென்றிருந்த பாலத்தின் மேல் ஒரு கார் ஏறி ராம்கங்கா ஆற்றில் விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். பாலம் உடைந்த செய்தி வரைபடத்துக்குப் போய்ச் சேரவில்லை என்பதுதான் அப்போது எழுந்த கேள்வி.

இனி நம் போடி மலைக்கு வருவோம். போடிநாயக்கனூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 350 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. போடிமெட்டு 1,300 மீட்டருக்கும் மேல். முந்தல் தாண்டியதும் மலை ஏற்றம் தொடங்கி, 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஒரு கிலோமீட்டர் உயரம் ஏறிவிடுகிறோம். அப்படிப்பட்ட வளைவில் மேல் சாலையும் கீழ்ச் சாலையும் மேலிருந்து பார்த்தால் ஒட்டினாற்போல் இருக்கும். ஒரு பக்கம் பாறைச் சுவர் வானத்தை மறைக்கிறது. சிக்னல் பாறையில் பட்டுத் திரும்பியும் வருகிறது. பத்து, இருபது மீட்டர் பிசகினாலே போதும், திரையில் உங்கள் கார் மேல் சாலைக்குத் தாவிவிடும். உடனே கருவி "யூ டர்ன் எடுங்கள்" என்று சொல்லும். அந்த இடத்தில் யூ டர்ன் எடுத்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மலைப் பாதையில் குரல் குழம்பினால் ஒலியைக் குறைத்துவிட்டுச் சாலையைப் பார்த்து ஓட்டுங்கள். மெட்டு வரை இருப்பது ஒரே சாலைதான்.

அடுத்தது தூரம். போடியிலிருந்து டாப் ஸ்டேஷன் நேர்க்கோட்டில் 20 கிலோமீட்டருக்குள்தான். ஒரு காலத்தில் மூணாறு பக்கத்துத் தேயிலை டாப் ஸ்டேஷன் வரை ரயிலில் வந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கிக் கொட்டகுடிக்கு இறங்கி, போடிக்கு வந்தது. அந்தக் குண்டளை ரயில் பாதையை 1924 வெள்ளம் அழித்துவிட்டது. இன்று குரங்கணி பக்கமிருந்து டாப் ஸ்டேஷனுக்குக் காட்டு வழியாக நடக்கத்தான் முடியும். காரில் போக வேண்டுமானால் போடிமெட்டு, பூப்பாறை, மூணாறு சுற்றி ஏறத்தாழ 100 கிலோமீட்டர். கொழுக்குமலையும் அப்படித்தான். வரைபடத்தில் குரங்கணிக்கு மேலே தொட்டுவிடும் தூரத்தில் தெரியும். வாகனத்தில் போக சூரியநெல்லி சென்று, அங்கே வாடகை ஜீப்பில்தான் ஏற வேண்டும். நம் கார்களுக்கு அது வழியே இல்லை.

திரையில் ஒரு கோடு தெரிவதாலேயே அதில் போகலாம் என்று ஆகிவிடாது. 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் காட்டுத் தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். அந்தத் தடங்கள் வனத்துறை அனுமதியோடு, வழி தெரிந்தவர்களோடு, சரியான பருவத்தில் நடப்பதற்கானவை. ஏலத்தோட்டத்துக்குள் போகும் சாலைகளும் பெரும்பாலும் தோட்டத்துக்காரர்கள் ஜீப்புக்காகப் போட்டவை. செங்குத்தாக இறங்கும், முடிவில் கேட் பூட்டியிருக்கும், வண்டியைத் திருப்ப இடம் இருக்காது.

இப்போது எதை வாங்குவது என்ற கேள்வி. ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை மட்டும் போகிறவர்களுக்குத் தனிக் கருவி கட்டாயம் இல்லை. வீட்டில் சும்மா கிடக்கும் பழைய ஸ்மார்ட்போனில் தேனி, இடுக்கி இரண்டு மாவட்டங்களுக்கும் ஆஃப்லைன் வரைபடத்தை வைஃபையில் இறக்கிக்கொண்டால், சிம் இல்லாமலே அது வழிகாட்டியாகிவிடும். மலையில் செல்போன் டவர் விட்டு விட்டுத்தான் கிடைக்கும் என்பதால் இந்த ஆஃப்லைன் வரைபடம் முக்கியம். ஆனால் டவர் இல்லாத இடத்தில் நெரிசல், அடைப்பு பற்றிய தகவல் வராது. இறக்கிய வரைபடமும் காலாவதியாகும். ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் புதுப்பியுங்கள்.

அடிக்கடி வெளியூர் ஓட்டுகிறவர்கள், போனைப் பேசுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் தனிக் கருவி வாங்கலாம். கடையில் ஐந்து கேள்வி கேளுங்கள். தமிழ்நாடு, கேரளம் இரண்டின் வரைபடமும் கருவிக்குள்ளேயே இருக்கிறதா? வரைபடப் புதுப்பிப்பு எத்தனை ஆண்டுக்கு இலவசம், அதற்குக் கணினி வேண்டுமா? அமெரிக்க ஜிபிஎஸ் மட்டுமா, ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, நம் நாவிக் போன்றவற்றையும் பிடிக்கிறதா? பாதி வானம் மறையும் மலைப் பாதையில் இது உதவும். உச்சி வெயிலில் திரை தெரிகிறதா? கடை வாசலுக்குக் கொண்டுவந்து பாருங்கள். கடைசியாக, கார் சார்ஜரும் ஸ்டாண்டும் விலையில் சேர்ந்ததா? இந்தக் கருவிகளின் பேட்டரி நீண்ட பயணத்துக்குத் தாங்காது.

வாங்கியதை எங்கே பொருத்துவது? கண்ணாடியில் பார்வையை மறைக்காத கீழ் மூலையில். ஏர்பேக் விரியும் இடத்தில் வேண்டாம். ஓட்டும்போது போனைக் கையாளக் கூடாது என்ற விதியில், வழி பார்ப்பதற்கு மட்டும், கவனம் சிதறாதபடி பயன்படுத்தலாம் என்று 2020 அக்டோபர் முதல் மோட்டார் வாகன விதிகள் இடம் தருகின்றன. அதற்காக வளைவில் விரலால் தட்டிக்கொண்டிருக்கலாம் என்று பொருள் இல்லை. கருவி பக்கத்து இருக்கைக்காரர் பொறுப்பு என்று வீட்டிலேயே முடிவு செய்துவிடுங்கள்.

கிளம்புவதற்கு முந்தைய இரவு பத்து நிமிடம் ஒதுக்குங்கள். அமைப்பில் "குறைந்த தூரம்" என்பதை விட்டு "குறைந்த நேரம்" என்று வையுங்கள். குறைந்த தூரம் என்றால் தோட்டச் சாலைக்குள் தள்ளிவிடும். மண் சாலையைத் தவிர்க்கும் வசதி இருந்தால் அதையும் போடுங்கள். வாகனம் கார் என்று இருக்கிறதா, டூ வீலர் என்று இருக்கிறதா பாருங்கள். பெயரை ஆங்கிலத்தில் தேடும்போது பூப்பாறைக்கும் போடிக்கும் பலவித எழுத்துக்கூட்டல் உண்டு. தங்குமிடத்தாரிடம் கேட்டு லொகேஷனை வாங்கிச் சேமிப்பதே நல்லது. போடி, முந்தல், போடிமெட்டு, பூப்பாறை என்று இடைநிறுத்தங்களைக் கொடுத்துவிட்டால் கருவி குறுக்கு வழி தேடாது. பூப்பாறையில் சாலை பிரியும்: ஒன்று மூணாறுக்கு, இன்னொன்று சாந்தன்பாறை, நெடுங்கண்டம் பக்கம். அந்தத் திருப்பத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு வானிலை. மெட்டுக்கு மேற்கே ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழை; நம் பக்கத்துச் சரிவில் அக்டோபர் முதல் வடகிழக்குப் பருவமழை. ஒரே பயணத்தில் இரண்டு மழைக்கும் ஆட்படுகிற சாலை இது. மூணாறுக்கு முன்னால் உள்ள கேப் ரோடு 2019, 2020 ஆண்டுகளில் மண்சரிவால் அடைபட்டது. மழை நாளில் கருவியை நம்பிக் கிளம்பாமல் தங்குமிடத்துக்கோ முந்தல் சோதனைச் சாவடியிலோ கேட்டுவிட்டு ஏறுங்கள். ஏலத்தோட்ட வேலையாட்களை ஏற்றிய ஜீப்புகள் காலையில் ஏறும், மாலையில் இறங்கும். அவர்களுக்கு ஒவ்வொரு வளைவும் பழக்கம், நமக்கு இல்லை. ஒதுங்கி வழிவிடுங்கள். குறுகலான இடத்தில் ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது விதி. கருவி சொல்லும் நேரத்தோடு ஒரு மணி நேரம் சேர்த்துக் கணக்கிட்டு, இருட்டும்முன் மலை இறங்கிவிடுங்கள்.

அப்படியும் வழி சந்தேகமானால் வண்டியை ஓரமாக நிறுத்துங்கள். கருவி நீங்கள் இருக்கும் இடத்தைச் சொல்லட்டும். எந்த வழி என்பதை டீக்கடையில் நிற்கும் ஒரு ஜீப் டிரைவரிடம் கேளுங்கள். அன்று காலை அந்தச் சாலையில் போய் வந்தவருக்குத் தெரிவது எந்த வரைபடத்துக்கும் தெரியாது.

போனில் ஆஃப்லைன் வரைபடம் இறக்கத் தெரியாதவர்கள், குறிப்பாகப் பெரியவர்கள், வருகிற ஞாயிறு காலை சங்க அலுவலகத்துக்குப் போனையும் சார்ஜரையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். உட்கார்ந்து செய்துவிடலாம்.