எல்லைக்கோடு வருவதற்கு முன்னால் சயாம் எங்கே இருந்தது?

இன்றைக்கு ஒரு புத்தகத்தைப் பற்றிப் பேசப் போறோம். பேர் 'சயாம் மேப்ட்'. 1994-இல் வந்தது. எழுதியவர் தோங்சாய் வினிச்சாகுல், தாய்லாந்து வரலாற்றாசிரியர்.

நேரா விஷயத்துக்கு வர்றேன். 1820-களில் பிரிட்டிஷ்காரர்கள் பர்மாவோடு சண்டை போட்டு தெனாசரிம் கரையைப் பிடிக்கிறார்கள். பக்கத்து நாடு சயாம், அதாவது இன்றைய தாய்லாந்து. "நமக்கு நடுவில் எல்லை எங்கே? குறிச்சுக்கலாமா?" என்று பாங்காக்கைக் கேட்கிறார்கள். அங்கே யாரும் அலட்டிக்கவே இல்லை. அந்தப் பக்கம் குடியிருக்கிற வயசானவங்களைக் கேட்டுக்கோங்க என்கிற மாதிரி ஒரு பதில். ரெண்டு ராஜ்ஜியத்துக்கும் நடுவில் காடும் மலையும் மைல்கணக்கில் கிடந்தது. அது யாருக்கும் சொந்தம் இல்லை, அதனால் யாருக்கும் பிரச்சினையும் இல்லை.

சின்ன ராஜ்ஜியங்களின் கதை இன்னும் சுவாரஸ்யம். நமக்குக் கடாரம் என்று தெரிந்த கெடா, பாங்காக்குக்குத் தங்கத்திலும் வெள்ளியிலும் மரம் செய்து கப்பமாக அனுப்பியது. கம்போடியா பாங்காக்குக்கும் கப்பம் கட்டியது, வியட்நாமுக்கும் கட்டியது. டேட்டாபேஸ் பாஷையில் சொன்னால் மெனி-டு-மெனி உறவு. நவீன வரைபடம் வந்து, ஓனர் என்கிற இடத்தில் ஒரே ஒரு பேர்தான் போடணும் என்றது. ஆபீஸில் ஒரு டேபிளை மாற்றினாலே எவ்வளவு உடையும்னு நமக்குத் தெரியும். இங்கே மாற்றியது மனுஷங்க வாழ்ற நிலத்தை.

சயாம் சும்மா உட்காரவில்லை. ஜேம்ஸ் மெக்கார்த்தி என்ற பிரிட்டிஷ் சர்வேயரை வேலைக்கு வைத்தது, 1885-இல் தனி சர்வே துறையே தொடங்கியது. மீகாங் ஆற்றுப் பக்கம் படையும் சர்வே ஆட்களும் சேர்ந்தே போனார்கள். எதிரில் பிரான்ஸும் அதையேதான் செய்தது. 1893-இல் பிரெஞ்சு போர்க்கப்பல்கள் பாங்காக் வரைக்கும் வந்து நிற்க, மீகாங்கின் கிழக்குக் கரை பிரான்ஸுக்குப் போனது.

தாய்லாந்துப் பள்ளிப் பாடத்தில் இதற்குப் பேர் 'இழந்த நிலம்'. தோங்சாய் இங்கேதான் வம்பை இழுக்கிறார். எல்லையே இல்லாத காலத்தில், எதை வைத்து இழந்தோம்னு சொல்றீங்க? உண்மையில் தோற்றது நடுவில் மாட்டிக்கொண்ட அந்தச் சின்ன ராஜ்ஜியங்கள். பாங்காக்கும் ஒரு போட்டியாளர்தான். வரைபடத்தில் முதலில் உருவான இந்த வடிவத்தை அவர் 'நில உடல்' என்கிறார். உடல்னு ஆகிவிட்டால், ஒரு ஓரம் போனாலும் கை வெட்டுப்பட்ட மாதிரி வலிக்கும்.

இதை எழுதியவர் யார் என்பதும் முக்கியம். 1976 அக்டோபர் 6 அன்று பாங்காக்கின் தம்மசாத் பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் படுகொலை செய்யப்பட்டபோது, தோங்சாய் அங்கே மாணவர் தலைவர். நாட்டின் எதிரிகள் என்று சொல்லித்தான் சுட்டார்கள். அவர் 2 வருஷம் சிறையில் இருந்தார். "தாய்" என்றால் யார் என்கிற கேள்வி அவருக்கு வெறும் பிஎச்டி தலைப்பு இல்லை.

இப்போ பிரியா விஹியர். மலை உச்சியில் ஒரு பழைய சிவன் கோயில். 1904 ஒப்பந்தப்படி எல்லை என்பது மழைத்தண்ணீர் பிரிந்து ஓடுகிற மலை முகடு. ஆனால் பிறகு பிரெஞ்சு அதிகாரிகள் வரைந்த வரைபடத்தில் கோயில் கம்போடியா பக்கம் விழுந்தது. சயாம் எதிர்க்கவில்லை, நன்றி சொல்லி, இன்னும் 15 பிரதி கொடுங்க என்று கேட்டது! 1962-இல் சர்வதேச நீதிமன்றம் இந்த மௌனத்தையும் கணக்கில் எடுத்துத்தான் கோயிலைக் கம்போடியாவுக்குக் கொடுத்தது.

2025 ஜூலையில் அதே எல்லையில் 5 நாள் சண்டை. உயிர்கள் போயின, லட்சக்கணக்கானவர்கள் ஊரைக் காலி செய்தார்கள். கம்போடியா காட்டுவது 1:200,000 அளவு வரைபடம், தாய்லாந்து காட்டுவது 1:50,000. இரண்டிலும் கோடு வேற வேற இடத்தில் ஓடுது.

முழுப் புத்தகத்துக்கும் நேரம் இல்லையென்றால், எல்லை பற்றிய மூணாவது அத்தியாயத்தை மட்டுமாவது படிங்க. அடுத்த எபிசோடில் பார்க்கலாம்.